மெருகு போட்ட பக்கம்

இரும்பு பொய் சொல்லாது. மனிதர்கள் சொல்வார்கள், பத்திரங்கள் சொல்லும், முகம் பார்க்கும் கண்ணாடிகூடக் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லும். இரும்பு மட்டும் சொல்லாது. என் பட்டறை வாசலில் இதைப் பெரிய பலகையில் எழுதி மாட்டியிருக்கிறேன். இப்போது அந்தப் பலகை ஒரு பக்கம் இறங்கி, கட்டுக்கம்பியில் தொங்குகிறது. அதைத் தாங்கிய கொண்டியை நான்தான் பற்றவைத்தேன். போன மழையில் விட்டுவிட்டது. காற்று அப்படி.

இதை எழுத மேசையும் பேனாவும் தந்ததற்கு நன்றி. நாற்காலிதான் கொஞ்சம் ஆடுகிறது. முன்கால் சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. இந்தக் காவல் நிலையத்து நாற்காலிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தது நான்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே வருகிறவர்கள் சாய்ந்து உட்காருகிறார்கள் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கையின் கணவரை, அதாவது எங்கள் மாப்பிள்ளையை, நான்தான் கொன்றேன். யோசித்து, திட்டம் போட்டு, நிதானமாகச் செய்தேன். நீங்களோ 'கவனக்குறைவான பழுதுவேலையால் நேர்ந்த விபத்து' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். "ஒரு கையெழுத்தப் போட்டுட்டு ஜாமீன்ல வீட்டுக்குப் போங்க பெரியவரே, இந்த வயசுல எதுக்கு வம்பு" என்றீர்கள். ஆனால் 'கவனக்குறைவான' என்ற அந்த முதல் சொல்லை என்னால் ஏற்க முடியாது. கொலைகாரன் என்று எழுதுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன்.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். சாது என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். என்னோடு தகராறு செய்தவர்கள் யாரும் இல்லை. செய்தவர்கள் திரும்ப அந்தப் பக்கம் வருவதில்லை.

பக்கத்துக் கொட்டகையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர் ஒருவர் இருந்தார். பெயிண்ட் அடிக்குமுன் மேடு பள்ளம் தெரியாமல் பட்டி பூசுவார்கள் அல்லவா, அதில் கைதேர்ந்தவர். அவரைப் 'பட்டி' என்றே கூப்பிடுவோம். ஒருநாள் நான் முடித்து வைத்திருந்த ஒரு கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, நாலு பேர் இருக்கும்போது, "அண்ணே, நீங்க வெல்டிங் பண்ற வரைக்கும் என் பொழப்புக்குப் பஞ்சமே இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பேச்சு யார் பேசினாலும் ரசிப்பவன் நான். அப்போதுதான் பற்றவைத்து எடுத்த ஒரு தகடு மேசையில் கிடந்தது. சிவப்பு அடங்கி, பழைய கறுப்புக்கு வந்திருந்தது. அந்த நிலையில் அதைப் பார்த்து யாரும் சூடு என்று சொல்ல முடியாது. இரும்பு பொய் சொல்லாது என்பதற்கு அது ஒன்றுதான் விதிவிலக்கு. இடுக்கியால் எடுத்து நீட்டி, "இதைக் கொஞ்சம் புடி, பட்டி" என்றேன்.

பிடித்தார். விடத்தான் சற்று நேரமானது. உள்ளங்கைத் தோல் தகட்டோடு போக விரும்பியது. தண்ணீர் ஊற்றியதும் நான்தான், வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதும் நான்தான். வழியெல்லாம், "பாத்துப் புடிக்கக் கூடாதாப்பா?" என்று கடிந்துகொண்டே போனேன். இப்போது அந்தக் கை பாதிதான் மூடும். டம்ளர் பிடிக்கலாம், பட்டி பூசும் தகடு பிடிக்க வராது. கொட்டகையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். பேச்சுதான் கூடுதல்.

ஒரு கிடங்கின் கேட் காவலாளியின் மேல் விழுந்து அவர் இடுப்பு நொறுங்கியதையும் உங்கள் ஆட்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதை என் கணக்கில் சேர்க்காதீர்கள். கீல்களை நான் பற்றவைத்தது உண்மை. அந்த மனிதர் கேட்டை இழுத்துத் திறந்த விதம் சரியில்லை.

இனி மாப்பிள்ளை. பழைய கார்களை வாங்கி விற்பவர். ஒரு நாள் லாரியின் முதுகில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஏற்றிக்கொண்டு வந்தார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் இரண்டு கதவுக் கார். பந்தயத்தில் ஓடியது என்பார். ஓடியிருக்கலாம், எங்கள் கண்ணெதிரே அது பெரும்பாலும் கயிறு கட்டி இழுத்துத்தான் கொண்டுவரப்பட்டது. "வண்டி எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "வண்டின்னா தள்ளுவண்டி, மச்சான். இது கார்" என்றார். அதை ஓட்டுவதற்கென்று தோல் கையுறை வாங்கினார். கார் கிளம்பாத நாட்களிலும் கையுறை கிளம்பிவிடும். அதை மாட்டிக்கொண்டுதான் தேநீர் குடிப்பார். சீட் பெல்ட்டுகள் பழசாகிவிட்டன என்று இரண்டையும் அறுத்துப் போட்டார். பந்தய வீரர்கள் போடும் பெல்ட் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றார். கடைசிவரை வரவில்லை.

அவர் என் தங்கையை அடிப்பார்.

இதை நான் பல காலமாக அறிவேன். அவள் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தாள். ஒருமுறை மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். "மாடிப்படில விழுந்துட்டேன் அண்ணா" என்றாள். அவர்கள் வீட்டில் மாடி கிடையாது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்தவர் குடும்பத்தில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது. தவிர, அவர் வாங்கும் கார்களின் வெல்டிங் வேலையெல்லாம் என்னிடம்தான் வரும்.

இதற்காகத்தான் கொன்றேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். தங்கையின் கண்ணீர், அண்ணனின் கோபம், நீதிபதியும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். முதலில் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பிறகு கிழித்துவிட்டேன். வாக்குமூலம் என்றால் உண்மையாக இருக்க வேண்டும்.

உண்மை இதுதான். அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்களுக்கு ஒரு மதிய விருந்து வைத்தார். காரை நடுவில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு பல் டாக்டர், ஒரு வங்கி மேலாளர், அவர்களுடைய மனைவிமார். கதவைத் திறந்து உள்ளே காட்டும்போது, முன்பு நான் கீலுக்கு அடியில் போட்டுக் கொடுத்திருந்த ஒரு ஒட்டு பல் டாக்டரின் கண்ணில் பட்டுவிட்டது. பல் டாக்டர்களுக்கு எங்கே எது அடைத்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

"இது என்ன சார், இங்க மட்டும் இப்படி இருக்கு?"

"அதுவா? அது எங்க மச்சான் கைவரிசை. காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கும். வீட்டு ஆளு, என்ன பண்றது? துடைச்சாலும் போகாது."

சிரிப்பு எழுந்தது. வங்கி மேலாளர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் தங்கையும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள், ஏனென்றால் அவள் கீழுதடு கிழிந்திருந்தது. விரிந்தால் ரத்தம் வரும். அதைக் கவனித்தேன். ஆனால் சிரித்தாள் என்பதைத்தான் அதிகம் கவனித்தேன்.

அன்று முடிவு செய்தேன்.

சில வாரங்கள் கழித்து அதே காரின் கதவுகள் கடகடக்கின்றன என்று என்னிடமே அனுப்பினார். பார்த்தேன். கதவைச் சாத்தும்போது அதன் பூட்டு போய்க் கவ்விக்கொள்ள, கதவோரத் தூணில் ஒரு தடித்த கம்பி வளையம் இருக்கும். காரில் உங்களைச் சாலையிலிருந்து பிரித்து வைத்திருப்பது அந்த வளையம்தான். அதைத் தகட்டோடு சேர்க்கும் வெல்டிங் இரண்டு பக்கமும் வெடித்திருந்தது. மயிரிழை விரிசல்.

முறையாகச் செய்ய வேண்டுமானால் விரிசலை முழுக்கக் கடைந்து எடுத்துவிட்டு, அடியிலிருந்து புதிதாக நிரப்பிக்கொண்டு வர வேண்டும். ஓட்டுபவர் பக்கம், அதாவது மாப்பிள்ளை உட்காரும் பக்கம், நான் அப்படிச் செய்யவில்லை. விரிசலை அப்படியே விட்டு, அதன் மேல் இரும்பைக் குமித்தேன். புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது போல. குமித்துக் குமித்து, விரிசல் இருந்த இடமே தெரியாமல் கொழுக்கவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். அழகாக இல்லை. அழகாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேகமாக ஒரு வளைவில் திரும்பினால் விட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருட அனுபவம்.

மற்றப் பக்கத்தில், என் தங்கை உட்காரும் பக்கத்தில், என் வாழ்நாளின் சிறந்த வேலையைச் செய்தேன். விரிசலைக் கடைந்து எடுத்தேன். நிரப்பினேன். பிறகு கிரைண்டரை எடுத்து, மேடாக இருந்ததையெல்லாம் தேய்த்தேன். சமமான பிறகும் நிறுத்தவில்லை. உப்புத்தாள் போட்டு, துணி போட்டு, மெருகுப் பசை போட்டு, வளையம் எங்கே முடிகிறது தகடு எங்கே தொடங்குகிறது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாதபடி தேய்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. மாப்பிள்ளை செத்த பிறகு உங்களைப் போன்ற அதிகாரிகள் வந்து பார்ப்பீர்கள், இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒப்பிடுவீர்கள், 'இப்படிப்பட்ட கை அப்படிச் செய்ததென்றால் அது வேண்டுமென்றே செய்ததுதான்' என்று புரிந்துகொள்வீர்கள். இதுதான் என் எண்ணம். காக்கா எச்சம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

காரை எடுக்க மாப்பிள்ளையும் தங்கையும் பிற்பகலில் சேர்ந்து வந்தார்கள். அவருடைய வலது கையுறை காலியாகப் பையில் தொங்கியது. கையில் கட்டு.

"கை என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"சுளுக்கு மச்சான். மடக்க முடியல. இன்னைக்கு இவ ஓட்டட்டும், நான் பக்கத்துல உட்காந்து சொல்லித் தர்றேன். லைசென்ஸ் வாங்கி அலமாரில பூட்டி வெச்சிருக்கா."

எங்கே சுளுக்கிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. தங்கையின் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அவர் முஷ்டியையும் அவள் கன்னத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொருந்தியிருக்கும். அளவெடுத்துச் செய்த வேலை.

மாப்பிள்ளை முதலில் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்தார். குனிந்தார். இடது கையால் மெருகைத் தடவினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை நான் அதுவரை பார்த்ததில்லை.

"மச்சான், இது யாரு பண்ணது?"

"நான்தான்."

"சும்மா சொல்லாதீங்க. வெளியில குடுத்துட்டீங்களா? யாருன்னு சொல்லுங்க, இனிமே அவன்கிட்டயே குடுத்துடலாம்."

பிறகு சுற்றிவந்து ஓட்டுபவர் பக்கத்தைப் பார்த்தார். "ஆங். இது உங்க கை. இதைச் சொல்லுங்க, ஒத்துக்கறேன்" என்று முதுகில் தட்டினார்.

தங்கை இந்த முறை சிரிக்கவில்லை. ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டைத் தேடித் தோளருகே கையை விட்டாள். இல்லை என்பது நினைவுக்கு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, கதவெல்லாம் சரியா இருக்கா? எனக்கு என்னமோ பயமா இருக்கு."

வாயைத் திறந்தேன். 'இறங்கிக்கோம்மா, அந்தப் பக்கத்தை நான் சரியாப் பத்தவைக்கல' என்றால் போதும். ஒரு வரி. ஆனால் மாப்பிள்ளை அங்கேயே நின்று, பாதி சிரிப்போடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது கேட்க அந்த வரியைச் சொல்ல வேண்டும். நீங்களே என் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

"கெட்டியா இருக்கும்மா. தைரியமா ஓட்டு" என்றேன். என் கையாலேயே கதவைச் சாத்தினேன். தங்கைமேல் எனக்குப் பாசம் உண்டு. விரல் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துத்தான் சாத்தினேன்.

பட்டறையிலிருந்து சாலை சரிவாக இறங்கி, ஒரு கிடங்கின் சுவரோரம் வளையும். லாரிகள் சுவரில் உரசாமல் இருக்க அங்கே வரிசையாக இரும்புத் தூண்கள் நட்டிருப்பார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார் இறங்கியது. அவள் நினைத்ததைவிட வேகம் பிடித்தது. வளைவில் கதவு திறந்துகொண்டது.

எந்தக் கதவு என்பதைப் பிறகு சொல்கிறேன். அது அவ்வளவு முக்கியமில்லை.

மாப்பிள்ளை வெளியே சாய்ந்தார். நல்ல கையால் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார், அதனால் கதவோடு சேர்ந்து வெளியே போனார். இடுப்புக்குக் கீழே உள்ளே, மேலே சாலையில். தங்கை பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்தாள். புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்வதுதான். முதல் தூண் கதவில் பட்டது. கதவு வந்த வேகத்திலேயே திரும்பி மூடியது. அப்போது அவர் முழுதாக உள்ளே இல்லை.

சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல. கார் நிற்காமல் சுவரோரமாகப் போக, அடுத்தடுத்த தூண்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். சிவப்புக் காரில் ரத்தம் அவ்வளவாகத் தெரியவில்லை, சுவரில்தான் தெரிந்தது. தலை இருந்த இடத்தைப் பற்றி உங்கள் மருத்துவர் எழுதியிருப்பார், நான் அதில் தலையிடவில்லை. இடது கையுறை இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கை அதற்குள் இருந்தது.

தங்கை கத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மேலும் கொஞ்சம் தெறித்திருந்தது. கூட்டம் கூடியதும், "நான்தான் செய்தேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். தங்கைக்காக அண்ணன் பழியை ஏற்கிறான் என்று நினைத்து, கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்களும் அப்படித்தான் கேட்டீர்கள். "தங்கச்சியக் காப்பாத்தத்தான இப்படிச் சொல்றீங்க?" என்றீர்கள். இல்லை. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நேற்று அவள் என்னைப் பார்க்க வந்தாள். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போடவில்லை. கையில் ஒரு மாற்றுச் சட்டையோடு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"நான் உட்காந்த பக்கம்தான் நீ கெடுத்து வெச்சிருந்தியா?"

"ஆமாம்மா."

"நான் அதுல ஏறி உட்காரும்போது பாத்துக்கிட்டுதான் இருந்தே?"

நான் கம்பிகளின் வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குச் சிரிச்சேனே, அதுக்கா அண்ணா?"

அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போய்விட்டாள். கொண்டுவந்த மாற்றுச் சட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசியாக உங்கள் வாகன ஆய்வாளர் விஷயம். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் அவர் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "மெருகுக்காகத் தேய்ச்சுத் தேய்ச்சு வெல்டிங்ல பாதிக்கு மேல காலி. மிச்சம் காகிதம் மாதிரி இருந்திருக்கு, அதான் விட்டுடுச்சு. வேலை தெரிஞ்சவன் எவனும் இப்படிப் பண்ண மாட்டான்" என்று என் முன்னாலேயே உங்களிடம் சொன்னார். அதுவும் நான் திட்டமிட்டுச் செய்ததுதான். மாப்பிள்ளையின் கை சுளுக்கும், அவர் இடம் மாறி உட்காருவார் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து, அதற்கேற்பத் தேய்த்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். தூக்கு என்றாலும் சரி. 'கவனக்குறைவு' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

எந்தக் கதவு என்று சொல்வதாகச் சொன்னேன். திறந்தது நான் மெருகு போட்ட பக்கத்துக் கதவு. நான் கெடுத்து வைத்த பக்கத்தை ஆய்வாளர் பெரிய சுத்தியலை வாங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சு வாங்க அடித்துப் பார்த்தார். அது உடையவில்லை.